பதில் சொல்லக் கூடாத வாக்கு

டோலிக் கம்பு தோளுக்கு ஏறிவிட்டது. தீர்த்தன் வாய் திறப்பதுதான் பாக்கி.

கம்பில் தூளிபோலக் கட்டித் தொங்கவிட்ட கம்பளிக்குள் அவர் மருமகள் கருப்பி கிடந்தாள். எட்டு மாதம். காலிரண்டும் வீங்கிப்போய், காய்ச்சல் வேறு. அடிவாரத்தில் இருக்கிற ஆத்தா வீட்டுக்குப் போய்விட்டால் பிழைத்துக்கொள்வேன் என்று அழுதாள். புருஷன் கரியனும் மனசு கேட்காமல் டோலி கட்டிவிட்டான்.

சித்தேரி மலையில் பிள்ளைத்தாய்ச்சியைக் கீழே அனுப்பும்போது வீட்டுப் பெரியவர் வாக்குச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும். அது ஒன்றும் பெரிய மந்திரமில்லை. கொஞ்ச தூரந்தான் புள்ள, ஆத்தா வூடு வந்துரும். அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு இருந்த மவுசு இருக்கிறதே! அரூர்ச் சந்தை வரைக்கும் இறங்கிப் போய்விட்டது. காய்ச்சலில் கிடப்பவனுக்கும் சொன்னார்கள். பர்மாவில் குண்டு விழுந்து, காடும் மலையுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்த ஒருவன் அதைச் சொல்லிச் சொல்லித்தான் காலை எடுத்து வைத்தானாம்.

யார் சொன்ன வாக்கு என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். காளியே தன் பாட்டன் மேல் இறங்கிச் சொன்னது என்பார் பூசாரி. கம்பைநல்லூர்க்காரர்கள் அது எங்கள் ஊர்க் கிழவி சொன்னது என்று சண்டைக்கே வருவார்கள். அதியமான்கோட்டைப் பக்கம் போனால், அந்தக் காலத்து ராஜா தன் ராணிக்குச் சொன்னதாம். ராஜாவுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள். பக்கத்து மலை டோலிக்காரர்கள் யாரோதான் முதலில் இதைக் கொண்டுவந்தார்கள் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. தெய்வ வாக்கில் ‘புள்ள’ என்று ஏன் வருகிறது என்றும் ஒருவரும் கேட்டதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. இந்த வாக்குக்குப் பதில் சொல்லக் கூடாது. வாங்கிக்கொண்டவள் கம்மென்று கிடக்க வேண்டும், வாய் திறந்தால் வாக்கு கலைந்துவிடும். முதன்முதலில் வாங்கியவள் அப்படித்தான் அடிவாரம் வரைக்கும் ஒரு முனகல்கூட இல்லாமல் போனாளாம்.

தீர்த்தன் இதுவரை யாருக்கும் வாக்குச் சொன்னதில்லை. அந்த நேரம் வந்தால் மாட்டைப் பார்க்கிறேன் என்று நழுவிவிடுவார். அவருடைய முதல் பெண்டாட்டி செல்லி அடிவாரத்து ஆத்தா வீட்டில் பிரசவத்தில் போனவள் என்பார்கள். தன் வாய் ராசியில்லாத வாய் என்று மனுஷன் ஒதுங்குகிறார் என ஊர் நினைத்துக்கொண்டது.

இன்றைக்கு ஒதுங்க முடியாது. கரியனைப் பெற்றவளும் போய்ச் சேர்ந்தாயிற்று. வீட்டில் வேறு பெரியவர் இல்லை.

டோலி தூக்குகிறவர்களுக்கு ஒரு கட்டு உண்டு. வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி வழியில் போய்விட்டால் அதற்குமேல் ஓரடி தூக்க மாட்டார்கள். அங்கேயே இறக்கி, அங்கேயே குழி. பெற்றவள் வந்து முகம் பார்க்கிறவரைக்கும்கூடப் பொறுக்க மாட்டார்கள். கருப்பிக்கு அந்தப் பயம்தான். சாவைக்கூட அவள் பெரிதாக நினைக்கவில்லை, பாவம். ஆத்தாளைப் பார்க்காமல் காட்டிலே கிடந்துவிடுவோமே என்றுதான் நடுங்கினாள்.

கம்பளியை விலக்கி மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லுங்க மாமா. நீங்க சொன்னா நான் போயிச் சேந்துருவேன்.”

கை அனலாய்க் கொதித்தது. கொதிக்கட்டும், கொதிக்கிற வரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டார்.

முன்கம்பில் நின்ற குள்ளன், வெயில் ஏறுகிறது என்று அலுத்துக்கொண்டான். கரியன் அப்பனை முறைத்தான். சொல்லித் தொலைத்தால் என்னவாம் என்று பெண்கள் முணுமுணுத்தார்கள்.

தீர்த்தன் கம்பளிப் பக்கம் குனிந்தார்.

“கொஞ்ச தூரந்தான் புள்ள. ஆத்தா வூடு வந்துரும்.”

கருப்பி கண்ணை மூடி, உதட்டை இறுக்கிக்கொண்டாள். பதில் சொல்லக் கூடாதே. குள்ளன் காலை எடுத்து வைத்தான். டோலி நகரவில்லை. தீர்த்தன் கம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“ம்முனு சொல்லு, தாயி.”

கூடி நின்றவர்கள் பதறிப்போனார்கள். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, சொன்ன வாக்கைத் தானே கலைக்கிறானே என்று ஆளாளுக்குப் பேசினார்கள். கரியன் அப்பனின் விரல்களைப் பிரிக்கப் பார்த்தான். பிடி இளகவில்லை. ஒரே ஒரு தடவை சொல்லிவிடு, எனக்காகச் சொல்லு என்று அத்தனை பேர் முன்னால் மருமகளிடம் கெஞ்சினார். கண்ணில் தண்ணீர் இறங்கியதைத் துடைக்கக்கூட இல்லை.

கம்பளிக்குள்ளிருந்து மெல்ல வந்தது.

“ம்.”

தீர்த்தன் கையை எடுத்தார். டோலி சரிவில் இறங்கிப் புளியமரத்துத் திருப்பத்தைத் தாண்டியது.

அந்தத் திருப்பத்தில்தான் அன்றைக்குச் செல்லியின் கை அவர் கைக்குள் குளிர்ந்துபோனது. பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தவர், கொஞ்ச தூரந்தான் புள்ள என்றார். அப்போது அது வாக்கு இல்லை, வாய்க்கு வந்த ஆறுதல். பதில் இல்லை. மறுபடியும் சொன்னார். அதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் அடிவாரம் வரைக்கும் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனார். டோலி தூக்கிய பக்கத்து மலைக்காரர்கள் காதில் விழ வேண்டுமே.

ஆத்தா வீட்டு வாசலில் டோலியை இறக்கினார்கள். செல்லியின் ஆத்தா கம்பளிக்குள் கையை விட்டாள். தலை நிமிர்ந்து மருமகன் முகத்தைப் பார்த்தாள். பிறகு, புள்ள அசந்து தூங்குது, சத்தம் போடாம இருங்க என்று சொல்லி, தூக்கி வந்தவர்களுக்குத் தன் கையாலேயே கூழ் ஊற்றினாள்.

அவர்களும் மெதுவாகக் குடித்துவிட்டு, மெதுவாக எழுந்து போனார்கள். அவர்கள் தலை மறைகிற வரைக்கும் அவள் அழவில்லை.