பட்டியலில் நான்காமவர்

மார்ச் பதினோராம் நாள், பரிசோதனைக் கூடம் ஒன்று என் மனைவி வடிவாம்பாளுக்குப் புற்றுநோய் என்று தவறாக அறிவித்தது. மூன்று நாள்கள் உறங்காமல் கிடந்துவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு நேரில் சென்று, பதிவைக் காட்டுமாறு உரத்த குரலில் கேட்டேன். அங்கு கணினி நிரல் எழுதும் ரெஜினா கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். அன்றைய பெரிய பட்டியலுக்குள் ஆளுக்கொரு சிறு தொகுப்பு. ஒவ்வொன்றினுள்ளும் பெயர், வயது, சோதனை முடிவு.

"அம்மா மூணாவது ஆளு சார். ரிசல்ட்ட எடுக்குற எடத்துல நானும் மூணுன்னே எழுதிட்டேன். கம்ப்யூட்டர் சைபர்லேருந்துல்ல எண்ணும்? அதுக்கு மூணுன்னா நாலாவது ஆளு. பேரு அம்மாவோடது, ரிசல்ட்டு நாலாவது ஆளோடது. அம்மாவுக்கு ஒண்ணுமே இல்ல சார்."

"எண்ணத் தெரியாதவளுக்கு யாரம்மா வேலை கொடுத்தது?" என்று கத்தினேன். நாற்காலியில் அமர்ந்து விம்மினேன்.

"அந்தப் பொண்ணத் திட்டாதீங்க. மூணு நாளா எனக்கு உப்பில்லாத கஞ்சி ஊத்துனீங்களே, அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க" என்றாள் வடிவாம்பாள். அழுகையினூடே சிரித்துவிட்டேன்.

ரெஜினா சிரிக்கவில்லை. அதே பிழையால் நான்காமவருக்கு ஐந்தாமவரின் முடிவு சென்றிருந்தது, நோயில்லை என்று. அவருடைய கைப்பேசியோ இன்றுவரை அணைந்தே கிடக்கிறது.

திசு கொடுக்க வந்த நாளில், எங்களுக்கு அடுத்து, மடியில் தலைக்கவசத்தை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த சகோதரியே, உங்களுக்கு நோயில்லை என்று சொன்ன அந்தத் தாளை நம்பாதீர்கள்; இன்றே திரும்பி வாருங்கள்.