இழுத்தால் தள்ளி நில்

மூன்றாவது முறையும் இந்த மனிதர் செத்துப்போனால் அவள் ஒரு வருடம் திரும்பப் படிக்க வேண்டும்.

முகத்தில் மாட்டிய கருவிக்குள் வார்டு விரிந்தது. கட்டிலில் அதே கட்டம் போட்ட சட்டைக்காரர், மூச்சுக் கிடைக்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கணினி செய்த பொம்மைதான். ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் அவள் கருவியோடு வந்த கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தாள்.

ஏற்கெனவே இரண்டு முறை அவரைக் கொன்றிருக்கிறாள். நர்சிங் வகுப்பே அவளை ‘எமனுக்குத் தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுகிறது.

கருவியை மாட்டினால் நிஜ அறை தெரியாது. சுவரில் முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள ஒரு துணை வேண்டும். இன்றைக்குத் துணை அவளுடைய அறைத்தோழி, குருவி.

துணைக்கு நிற்பவள் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் விடை சொல்லிக் கொடுத்ததாகிவிடும். இரண்டு பேருக்கும் மதிப்பெண் போய்விடும். அவள் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுக்கலாம். இழுத்தால் சுவர் பக்கத்தில் இருக்கிறது, தள்ளி நில் என்று அர்த்தம்.

தொடங்கும் முன் குருவி வழக்கம்போலத் தன் சாவி, சீப்பு, இன்னும் என்னென்னவோ சாமான்களை அவளுடைய கோட்டுப் பையில் திணித்தாள். குருவியின் சீருடையில் பை கிடையாது.

“கட்டம் போட்ட சட்டை மாமாவை இன்னிக்காவது உயிரோட விடுடி,” என்று சிரித்து, இருமினாள். அறைக்கு நேற்றுதான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நெடி மூக்கைத் துளைத்தது.

ஆசிரியை அடுத்த அறையில் திரைக்கு முன் உட்கார்ந்து, அவள் கருவிக்குள் பார்ப்பதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் நிமிர்த்தி உட்கார வை. போன தடவை அதைத்தான் மறந்துவிட்டாள்.

உட்கார வைத்தாள். காதுக்குள் விசிலடிப்பதுபோல் அவருடைய மூச்சு. பயத்தில் உள்ளங்கை வேர்த்து, கைப்பிடி வழுக்கியது.

கோட்டு இழுபட்டது.

நல்ல வேளை. ஓரடி தள்ளி நின்றாள்.

ஆக்ஸிஜன். மாஸ்க்கைத் தேடினாள். அவருடைய உதடு நீலம் பாரித்துக்கொண்டு வந்தது. கோட்டு மறுபடி இழுபட்டது, இந்த முறை பலமாக. மறுபடி நகர்ந்தாள். இந்த அறையில் எத்தனை சுவர்தான் இருக்கிறது?

மாஸ்க் கிடைத்தது. மாட்டினாள். மருந்து, மருந்து எங்கே?

இப்போது முழங்காலுக்குப் பக்கத்தில் கோட்டின் ஓரத்தில் ஒரு இழுப்பு. சனியனே, இந்த நேரத்திலா? வெடுக்கென்று உதறிக்கொண்டு இன்னும் இரண்டடி விலகினாள்.

மருந்தைக் கொடுத்தாள். கட்டிலருகே இருந்த திரையில் ஆக்ஸிஜன் அளவு மெல்ல மெல்ல ஏறியது. மாமாவின் தோள்கள் தளர்ந்தன. அவர் அவளைப் பார்த்துக் கை கூப்பினார். ‘நோயாளி நலம்’ என்று பச்சை எழுத்து வந்து, வார்டு இருட்டாகிப்போனது.

அடுத்த அறையில் ஆசிரியை கை தட்டுவது லேசாகக் கேட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

“குருவி, பொழைச்சுட்டாருடி!”



ஆனால் அந்த விசில் மூச்சு மட்டும் நிற்கவில்லை. காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள். சத்தம் கூடியது.

கருவியைக் கழற்றினாள்.

அவள் அறையின் நட்டநடுவில் நின்றிருந்தாள். நான்கு சுவர்களும் எங்கோ தள்ளி இருந்தன.

குருவி தரையில் மண்டியிட்டுச் சரிந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. ஒரு கை இன்னும் இவளுடைய கோட்டை நோக்கி நீண்டிருந்தது.

கோட்டின் ஓரத்துக்காக அல்ல. பைக்காக.

பைக்குள் கையை விட்டாள். சாவி வந்தது. சீப்பு வந்தது. அடியில், குருவி யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த நீல நிற இன்ஹேலர் இருந்தது.