காவலர் வந்த நாள்

பெருஜாவிலிருந்து டுரினுக்குக் குடிமாறிய லோபா, புது முகவரியைப் பதிவுசெய்துவிட்டு நாற்பது நாட்களாகக் காத்திருந்தாள். நகரக் காவலர் சொல்லாமல் வந்து, ஆள் உண்மையிலேயே குடியிருக்கிறாளா என்று பார்ப்பார். ஆள் இல்லையென்றால் பதிவு ரத்து. பதிவு இல்லையென்றால் விசா நீட்டிப்பு இல்லை, படிப்பும் இல்லை. பழைய அறையின் சாவியைக் கொடுக்க ஒரே ஒரு நாள் பெருஜா போனாள். அன்றைக்குத்தான் அவர் வந்தார்.

கீழ்வீட்டு ஓர்னெல்லா சொல்லித் தெரிந்ததும், மறுநாள் காலை அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், நேத்து ஒருநாள்தான் நான் ஊர்ல இல்ல. தயவுசெஞ்சு இன்னொரு தடவ வாங்க."

காவலர் சிரித்தார். "ஆள விடும்மா! நீ குடுத்த இஞ்சி டீய இன்னொரு தடவ குடிச்சா என் வயிறு தாங்காது. அதான் எல்லாம் முடிஞ்சுபோச்சே!"

தாளைத் திருப்பிக் காட்டினார். நேற்று, பதினொன்றரை மணி. கீழே அவளுடைய ஒடியாக் கையெழுத்து.

தனியாகக் குடியிருக்கும் லோபா அந்தக் கையெழுத்தை இரண்டு முறை பார்த்தாள். சான்றிதழை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த நாள் வகுப்புக்குக் கிளம்பும்போது, காலி அறையைப் பார்த்து, "போயிட்டு வரேன். யாராவது வந்தா நீயே பாத்துக்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பூட்டுவதற்குள் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.

அப்பாடா என்று படியிறங்கினாள்.