லிப்ட் துணைக்குழு

கதவு மூடிக்கொண்டிருந்தது. இடுக்கில் ஒரு கை நுழைந்தது.

கதவு திறந்துகொண்டது.

அவள் பொத்தானை மறுபடி அழுத்தினாள். கை மறுபடி நுழைந்தது. கதவு மறுபடி திறந்தது. ரொம்ப மரியாதை தெரிந்த கதவு. எவன் கை நீட்டினாலும் வழிவிடும்.

முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் கையை அவளுக்குத் தெரியும். அதிலிருக்கும் மோதிரம் எங்கே குத்தும் என்பதுகூடத் தெரியும்.

"என்ன தங்கச்சி, அண்ணனை விட்டுட்டுக் கிளம்பிட்ட?"

தவசீலன் உள்ளே வந்தான்.

அவள் சக்கர நாற்காலியைப் பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தினாள்.

அவளுடைய வகுப்பு இரண்டாவது மாடியில். கல்லூரிக்கு லிப்ட் வரும்வரை நாலு பையன்கள் அவளைத் தூக்கிப் போனார்கள். நாலு பேர் தூக்கிப் போவது மனிதருக்கு வழக்கமாக ஒரே ஒரு முறைதான் நடக்கும். அவளுக்குத் தினமும் நடந்தது.

ரெண்டு பேர் நாற்காலியை. ரெண்டு பேர் அவளை.

தவசீலன் எப்போதும் அவளை.

"அண்ணா, அங்க பிடிக்காதீங்க" என்று ஆரம்பத்திலேயே சொல்லிப் பார்த்தாள். நாலு பேரும் சிரித்தார்கள். பாவம், கூச்சப்படுது என்றார்கள்.

துறைத்தலைவியிடம் போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவன் இல்லன்னா நீ எப்படிம்மா மேல போவ?"

நியாயமான கேள்வி.

ஆண்டு விழாவில் அவனுக்குச் 'சேவைச் செம்மல்' பட்டம் கொடுத்தார்கள். அவளையும் மேடைக்கு அழைத்தார்கள். தூக்கித்தான் ஏற்றினார்கள். கல்லூரி வாசலில் பிளக்ஸ் வைத்தார்கள். 'தோள் கொடுத்த தோழனே!' அதில் அவளும் இருந்தாள். கால் மட்டும்.

தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். குடித்தால் கழிப்பறைக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்க நாலு பேர் வேண்டும்.

பிறகு லிப்ட் வந்தது.

அதன் முன்னால் பூசணிக்காயைப் போட்டு உடைத்தார்கள். கட்டடத்துக்கே ஒரு களை வந்துவிட்டது என்றார் முதல்வர். பொய் இல்லை. முட்டி தேய்ந்த வரலாற்றுப் பேராசிரியர், மேல்மாடியில் தன் பெயர்ப் பலகை தொங்குவதை முதன்முதலாக நேரில் பார்த்தார். கேன்டீன் டீ ஆறாமல் மேலே போனது. நூலகத்துக்கு ஆள் வந்தார்கள். நிறைமாத ஆசிரியை படிக்கட்டைப் பார்த்து அழுவதை நிறுத்தினார்.

அவள் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கினாள்.

ஒரே ஒரு சிக்கல். தூக்குகிற குழுவைக் கலைக்கக் கல்லூரிக்கு மனம் வரவில்லை. பட்டம் கொடுத்துக் கைதட்டிய குழு ஆயிற்றே. பெயரை மட்டும் மாற்றினார்கள். லிப்ட் துணைக்குழு. மாணவி தனியாகப் போனால் பயந்துவிடுவாளாம்.

தவசீலன் கழுத்தில் புது அடையாள அட்டை தொங்கியது. மற்ற மூவரும் மேலே லிப்ட் வாசலில் காத்திருந்தார்கள். அவளை வரவேற்க.

கதவு மூடியது. இந்த முறை யாரும் கை நீட்டவில்லை.

லிப்ட் மெல்ல ஏறியது. அவளைப் போன்றவர்களின் வசதிக்காகவே மெதுவாக ஏறும்படி வைத்திருந்தார்கள்.

அவன் எதிரே வந்து குனிந்தான். கை அவள் தோளில் உட்கார்ந்தது. தோளோடு நிற்கவில்லை.

"கையை எடுங்கண்ணா."

"இங்க யாரு பார்க்கப் போறா?"

அவளும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இவனை விட்டால் இந்த லிப்டும் படிக்கட்டுதான்.

இரண்டு சக்கரங்களையும் பிடித்து ஒரே தள்ளு.

நாற்காலியின் கால்பலகை இரும்பு. அவன் முழங்காலுக்குக் கீழே இருந்தது வெறும் எலும்பு.

காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம்.

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் சுவர்வரை பின்னால் போனாள். திரும்பி வந்தாள். மறுபடி போனாள். மறுபடி வந்தாள். ஊரெல்லாம் பாவம் பார்த்தது அவள் கால்களை. சிறு வயதிலிருந்து சக்கரம் தள்ளித் தள்ளி உரமேறிய கைகளை யாரும் பார்த்ததில்லை.

அவன் எதிர்ச் சுவர்க் கண்ணாடியில் வழுக்கிக்கொண்டே இறங்கினான். பின்மண்டை கண்ணாடியில் ஒரு சிவப்புக் கோடு இழுத்தது. கை தரையில் ஊன்றியது.

அந்தக் கைதான்.

அவள் சக்கரத்தை அதன்மேல் ஏற்றினாள். மோதிரம் நெளிந்தது. விரலும் கூடவே நெளிந்தது. அவன் அலறினான். லிப்டுக்கு நல்ல கதவு, ஒரு சத்தம்கூட வெளியே போகாது.

பிரேக்கைப் போட்டாள்.

மேலே போகும்வரை எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. பிரேக்கை எடுத்தாள். சக்கரத்தை இறக்கி, வெளியே உருட்டி வந்தாள்.

மூவரும் அவளைப் பார்த்தார்கள். உள்ளே பார்த்தார்கள்.

"அண்ணன் விழுந்துட்டாரு," என்றாள். "தூக்குங்க."

குனிந்தார்கள். பழகிய கைகள். பழகிய இடங்களுக்கே போயின.

"டேய், அங்க பிடிக்காதீங்கடா!" தவசீலன் கத்தினான்.

பழக்க தோஷம். மூவரும் சிரித்துவிட்டார்கள்.

அவள் பாட்டிலைத் திறந்தாள். நிதானமாக, கடைசிச் சொட்டுவரை குடித்தாள்.