வரி இல்லாத மூச்சு

அவர்கள் இசைக்குழுவின் புது ஆல்பத்தின் முதல் பாதியில் கிட்டார் அதிர்ந்தது, டிரம்ஸ் இடித்தது, ஷெர்லி தொண்டை கிழியப் பாடியிருந்தாள். இரண்டாம் பாதியில் எல்லாம் அடங்கி, நீண்ட ரீங்காரம் மட்டும் மிதந்தது. அவள் பாடிய வரிகளையெல்லாம் கிட்டாரிஸ்ட் பரிதி அழித்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் இழுத்த மூச்சை மட்டும் விட்டுவைத்திருந்தான். “என் பாட்டு எங்கடா?” என்றாள். “முழுசாக் கேளு.” ஹெட்போனைக் கழற்றாமல் கேட்டாள். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்து வரவேண்டிய வரியை உதடுகள் தாமாகவே முணுமுணுத்தன. கடைசி மூச்சில் நின்றுவிட்டன. அது பாடுவதற்காக இழுத்ததல்ல. குழுவை விட்டுப் போகிறேன் என்று பாட்டுப் பதிவின் கடைசி நாளில் மைக் முன்னால் சொல்ல வந்து, சொல்லாமல் விட்டது. “இந்த ஒண்ணுக்கு மட்டும் எந்த வரின்னு தெரியல,” என்றான் பரிதி. “உன் பாட்டு நோட்டுலயும் தேடிட்டேன்.” ஷெர்லி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மூச்சை இழுத்தாள்.