பேர்போன காலேஜ் மாப்பிள்ளை

"பழனியில காலேஜ்கூட இருக்கா? மலையும் மொட்டையும்தான் இருக்குன்னுல்ல நெனச்சேன்!" என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார் சேனாதிபதி.

கொடைக்கானலில் அவர் சீசனுக்கு வாடகைக்கு எடுத்திருந்த பங்களா அது. மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்கு வந்து பெண் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா சேனாதிபதி மெட்ராஸ்காரர் ஆயிற்றே! "மே மாச வெயில்ல பழனிக்கு எறங்க முடியாது. நீங்களே பொண்ணைக் கூட்டிட்டு மேல வந்துருங்க" என்று ட்ரங்கால் போட்டுச் சொல்லிவிட்டார்.

பொன்னுச்சாமி அடிவாரத்துப் பஞ்சாமிர்தக் கடையைப் பூட்டிவிட்டு, மனைவி சண்முகவள்ளியோடும் மகள் தமயந்தியோடும் வெள்ளனே பஸ் ஏறி வந்திருந்தார். வரும்போதே மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இந்தா பாரு தாயி, கழுத்துல தாலி ஏறினாத்தான் நீ ப்ளேன் ஏறலாம். இந்த எடம் தட்டிப்போச்சுன்னா அமெரிக்காவை மறந்துரு. அவங்க என்ன சொன்னாலும் வாயைத் தொறக்காத."

அவளும் கேட்டதற்குப் பதில் சொன்னதோடு சரி. பாவம், ஆசை அப்படி.

"என்னம்மா படிச்சிருக்கே?" என்று கேட்டார் சேனாதிபதி.

"எம்.எஸ்ஸி. பாட்டனிங்க."

"என்ன படிச்சோங்கிறதுல ஒண்ணும் இல்லம்மா. எங்க படிச்சோம், அதுதான் விஷயம். அமெரிக்காக்காரன் மார்க்கையா பாக்குறான்? காலேஜ் பேரைத்தான் பாப்பான். எங்க குருநாதன் படிச்ச காலேஜ் பேரைச் சொன்னாப் போதும், அங்க இருக்கிற புரபசர் எந்திரிச்சு நின்னு கை குடுப்பான். உங்க காலேஜ் பேரைச் சொன்னா, அது எந்த நாட்டுல இருக்குன்னு மேப்பை எடுத்துத் தேடுவான்!"

"அப்படியெல்லாம் இல்லப்பா..." என்று மப்ளருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மாப்பிள்ளை குருநாதன்தான்.

"நீ சும்மா இருடா. பெரியவங்க பேசுறோம்ல."

குரல் மறுபடியும் மப்ளருக்குள்ளேயே போய்விட்டது.

பேச்சோடு பேச்சாகச் சேனாதிபதி, அவர்கள் கொண்டுவந்த பஞ்சாமிர்தத்தைக் கரண்டி கரண்டியாக வழித்துக்கொண்டிருந்தார். "பிரமாதம்! ரொம்பப் பேர்போன கடையோ?"

"இல்லீங்க, நம்ம கடைதான். ஒரு சந்துக்குள்ள கெடக்கு. சாமி கும்பிட வர்றவங்க பேரைக் கேக்கிறதில்லீங்க. நாக்குல வச்சுப் பாத்துட்டு வாங்கிட்டுப் போயிருவாங்க."

சண்முகவள்ளி புருஷனின் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"பஞ்சாமிர்தம் வேற, படிப்பு வேற" என்று சொல்லிக்கொண்டே கையைத் துடைத்தார் சேனாதிபதி. "சரி, விஷயத்துக்கு வருவோம். பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா, 'மருமக எங்க படிச்சா'ன்னு மெட்ராஸ்ல நாலு பேரு கேட்டா, நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்ல? காலேஜுக்குப் பேரு இல்லாத குறையைப் பவுன்லதான் நெரப்பணும். தரகர் சொன்னதுக்கு மேல கொஞ்சம் கூட்டிப் போட்டுருங்க. ப்ளேன் டிக்கெட் ரெண்டும் உங்க பொறுப்பு."

"ரெண்டுமாங்க?"

"பின்ன? பேரு சும்மாவா வருது?"

சண்முகவள்ளியின் கை தன் கழுத்துச் சங்கிலியைத் தடவிப் பார்த்துக்கொண்டது. பொன்னுச்சாமி மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்ததோ என்னவோ, நிமிரவே இல்லை.

"சரிங்க" என்றார் பொன்னுச்சாமி. "கடையை அடமானம் வச்சாவது செஞ்சிர்றேன். நல்லது நடந்தாச் சரி."

"அப்படி வாங்க வழிக்கு!" சேனாதிபதி நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சன்னலுக்கு வெளியே யாரும் நிற்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இனிமே நாம சம்பந்தி, ஒளிவுமறைவு எதுக்கு? வெளிய சொல்லிராதீங்க. எழுதிப் போட்ட யுனிவர்சிட்டி ஒண்ணுகூட இவனுக்கு எடம் தரல. உங்க பொண்ணுக்கு டாக்டர் பட்டம் படிக்க எடம் குடுத்திருக்கானுகளே, அவனுக, வரும்போது புருஷனையும் கூட்டிட்டு வரலாம்னு சொல்லியிருக்கானுகளா?"

பொன்னுச்சாமி எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"கூட்டிட்டு வரலாம்னு சொல்லியிருக்காங்க, கூட்டிட்டுத்தான் வரணும்னு சொல்லலீங்க. அவங்களே கட்டாயப்படுத்தாதப்ப, பெத்தவன் நான் எதுக்குங்க எம்பிள்ளையைக் கட்டாயப்படுத்தணும்?"