ஒரு சொட்டு இறங்கலைங்க

கடைவாய்ப்பல் ஒன்றின் செத்த நரம்பை மருத்துவர் உருவி எறிந்தார். காலியான வேருக்குள் எச்சில்கூடக் கசியாதபடி பசையைப் பூசி அடைத்தார். அன்றிலிருந்து பசைதான் அங்கே காவல்.

காய்ந்து இறுகும்போது பசை ஒரு மயிரிழை சுருங்கிப்போனது. அந்த இடுக்கில் ஒரு கிருமி எட்டிப் பார்த்தது.

"ஒரு ஓரமா இருந்துக்கறேண்ணே. யாருக்குத் தெரியப்போகுது?"

பசை கணக்குப் போட்டுப் பார்த்தது. வெளியே சொன்னால் மறுபடியும் குடைந்து, தன்னைச் சுரண்டிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அது வாயைத் திறக்கவில்லை. ஓரமாக இருக்க வந்த கிருமி, ஒரே மாதத்தில் சொந்தபந்தம் மொத்தத்தையும் கூட்டிவந்து குடிவைத்துவிட்டது.

ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல் விசாரிக்கும். "உள்ளே எல்லாம் சரியாப்பா?"

"ஒரு சொட்டு இறங்கலைங்க" என்று பசை சொல்லும்.

பக்கத்துப் பல்லுக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. "அண்ணே, உங்க வேருக்குக் கீழே எலும்பு அரிக்குது. என்னால தாங்க முடியல."

"எனக்கே வலிக்கல, உனக்கென்ன?" என்று நரம்பில்லாத பல் சீறியது.

பசை அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது.

கடைசியில் இடுக்கி வந்தது. பிடுங்கிய பல் தட்டில் விழுந்தபோது, வேர்நுனியில் சீழ்ப்பை தொங்கியது. அப்போதும் வலி தெரியாத பல், பழக்கதோஷத்தில் கேட்டது.

"உள்ளே எல்லாம் சரியாப்பா?"

பசை பதில் சொல்வதற்குள், அதன் முதுகுக்குப் பின்னாலிருந்து ஆயிரம் குரல்கள் சொல்லின:

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லைங்க."